துக்கத்துக்குப் பக்கத்து வீடு

நாகப்பட்டினம்

டிசம்பர் 26 காலையில் அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் பெண்கள் செம்பில் பாலும் கையில் பூவுமாகக் கடலை நோக்கி நடப்பார்கள். 2004-இல் சுனாமி வந்த அந்த ஒரே காலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அன்றைக்கு அழுவதற்குத் துணை தேட வேண்டியதில்லை. ஊரே கூட நின்று அழும்.

மறுநாளிலிருந்துதான் சிக்கல். பந்தலைப் பிரித்துவிடுவார்கள். தொலைக்காட்சியில் புத்தாண்டுச் சிறப்பு நிகழ்ச்சிகளுக்கு விளம்பரம் ஓட ஆரம்பிக்கும். பேக்கரி வாசலில் சீரியல் பல்பு மின்னும். 27 தொடங்கி 31 வரை நாளைத் தள்ளுவதுதான் பெரும்பாடு என்கிறார் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அலை கொண்டுபோனது அவருடைய தங்கையை.

"வருசம் முடியுதுன்னாலே மனசு கணக்குப் போட ஆரம்பிச்சுடுது. இருந்திருந்தா இப்ப அவளுக்கு என்ன வயசு, தலை நரைச்சிருக்குமா, பேரன் பேத்தி பார்த்திருப்பாளா... போட்டுக்கிட்டே இருக்கேன், கணக்கு முடிய மாட்டேங்குது."

சேலத்தில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் இந்த முறை காரோடு வந்து நின்றான். "மலைக்குப் போயிட்டு வருவோம் அத்தை. ஏற்காட்டுப் பக்கம் மஞ்சக்குட்டையில சிநேகிதன் வீடு பூட்டித்தான் கெடக்கு." கடல் கண்ணில் படாத இடமென்றால் சரி என்று டீச்சர் கிளம்பினார். துணிப்பைக்குள் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு ஏறிக்கொண்டது. நாகைக்காரர்கள் வெறுங்கையோடு வெளியூர் போவதில்லை.

ஊரை விட்டு வெளியேறும் முன் ஒரு பழங்கதையைச் சொல்லிவிட வேண்டும். சேலத்தில் அது தேவைப்படும். ஸ்ரீவிஜய நாட்டு அரசன் சூளாமணிவர்மன் பெயரால் இந்த நாகையில் ஒரு பௌத்த விகாரம் எழுந்தது. கட்டி முடித்தவன் அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன். முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், 1005-06 வாக்கில், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அந்தச் சூடாமணி விகாரத்துக்கு எழுதிக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றவை சொல்லும் செய்தி இது. நாகையில் பௌத்தக் கோபுரம் ஒன்று 1867 வரை நின்றது. கல்லூரி கட்டுவதற்காக இயேசு சபைப் பாதிரிமார் அதை இடித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மண்ணைத் தோண்டத் தோண்ட வெண்கலப் புத்தர்கள் வெளிவந்தார்கள், சுமார் 350 பேர். நாகைக்காரர்கள் இன்று நாகைப் புத்தரைப் பார்க்கவேண்டுமானால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ரயில் ஏறவேண்டும்.

தியாகனூர்

பெரம்பலூர் தாண்டி வீரகனூர் வழியாக வந்தால் நிலம் நிறம் மாறுகிறது. காவிரிப் படுகையின் பச்சை பின்னால் போய்விடும். மக்காச்சோளத் தட்டையும் மரவள்ளியும் முன்னால் வரும். அடிவானம் கோடு போட்டதுபோல் கிடக்காமல் மேடும் பள்ளமுமாக எழும்புகிறது. நாகூர் மினாராவையும் வேளாங்கண்ணிக் கோபுரத்தையும் தவிர வேறு உயரம் பார்த்துப் பழகாத டீச்சர், கண்ணாடியை இறக்கிவிட்டு மலைகளை எண்ண ஆரம்பித்தார். தலைவாசல் காய்கறிச் சந்தைப் பக்கம் தக்காளிப் பெட்டிகளும் கத்தரிக்காய் மூட்டைகளும் லாரி ஏறிக்கொண்டிருந்தன.

அங்கிருந்து சிறிது தூரத்தில் தியாகனூர். இந்த ஊரில் இரண்டு புத்தர் சிலைகள் உண்டு. இரண்டும் இடைக்காலத்துக் கருங்கல் சிலைகள், இரண்டும் அமர்ந்த கோலம். ஒருவருக்கு ஊர்க்காரர்கள் தியான மண்டபம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நின்றுகொண்டு பார்ப்பவரின் உயரத்துக்கு உட்கார்ந்த நிலையிலேயே வந்துவிடும் பெரிய சிலை. சுருள்முடி, நீண்ட காது, மடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள். நெற்றியில் யாரோ வைத்த சந்தனம் காய்ந்திருந்தது. புத்தருக்குச் சந்தனமா என்று யாரும் இங்கே கேட்பதில்லை.

மண்டப வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த பெரியவரிடம் டீச்சர் பேச்சுக் கொடுத்தார்.

"வேண்டிக்கிட்டா நடக்குங்களா?"

"அதெல்லாம் பெருசா யாரும் வேண்டறதில்லீங்கம்மா. வருவாங்க, கொஞ்ச நேரம் உக்காருவாங்க, எந்திரிச்சுப் போவாங்க. எஞ்சம்சாரம் போனப்பறம் நானும் அப்படித்தான் வர்றேன்."

அதற்குமேல் அவர் பேசவில்லை. டீச்சரும் கேட்கவில்லை. இருவரும் மண்டபத்தின் எதிரெதிர் மூலையில் உட்கார்ந்தார்கள்.

கார் கிளம்பிய பிறகு டீச்சருக்குள்ளிருந்த தமிழாசிரியை விழித்துக்கொண்டார். துக்கம் தாங்காமல் புத்தரிடம் போவது தமிழர்களுக்குப் புதிதா என்ன? சிலப்பதிகாரத்தில் கோவலன் இறந்த செய்தி கேட்டு அவன் தந்தை மாசாத்துவான் செல்வத்தையெல்லாம் தானம் செய்துவிட்டுப் புகாரின் இந்திர விகாரத்தில் துறவியாகச் சேர்கிறார். கண்ணகியின் தந்தை மாநாய்கன் போனது ஆசீவகர்களிடம். மாதவி அறவண அடிகளின் காலில் விழுகிறாள். மகள் மணிமேகலையையும் அதே வழியில் விடுகிறாள். மணிமேகலைக் காப்பியமே ஒரு வீட்டின் இழவிலிருந்து புறப்பட்ட கதைதான். அந்தக் கதையில் புகார் நகரத்தைக் கடல் கொண்டுபோகிறது என்பதை இத்தனை வருடம் வகுப்பில் ஒரு மதிப்பெண் கேள்வியாகவே நடத்தியிருந்ததாக டீச்சர் சொன்னார்.

பெரியேரி, சேலம்

சேலத்துக்குள் நுழைந்தால் முதலில் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே இரண்டு வகைச் சட்னி. வாயில் முழுசாகப் போட்டுக்கொள்ளும் கலை தெரியாமல் டீச்சர் சேலைமேல் சட்னி சிந்தினார். கடைக்காரர், "வெளியூருங்களா?" என்று டிஷ்யூ காகிதம் நீட்டினார்.

கோட்டைப் பகுதியில் பெரியேரியில் இருக்கிறது தலைவெட்டி முனியப்பன் கோயில். பெயரைக் கேட்டால் அரிவாளும் மீசையும் மனத்தில் வரும். உள்ளே இருப்பவர் வேறு மாதிரி. தாமரைப் பீடத்தில் கால் மடக்கி அமர்ந்து, கைகளை மடியில் தியானமாக வைத்திருப்பவர். தலையில் சுருள்முடி, தொங்கும் காது. வெட்டுப்பட்ட தலையைப் பிற்காலத்தில் சிமெண்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டியிருக்கிறார்கள்.

இவர் புத்தர் என்று அறிவிக்கக் கோரி புத்தா டிரஸ்ட் என்ற அமைப்பு 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் போனது. சிலையைப் பார்த்து அறிக்கை தருமாறு தொல்லியல் துறைக்கு உத்தரவானது. சிலை புத்தருடையதே என்றது அறிக்கை. 2022 ஜூலையில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார்: இடம் அறநிலையத் துறையிடமிருந்து தொல்லியல் துறைக்குப் போகவேண்டும், இது புத்தர் சிலை என்று பலகை வைக்கவேண்டும், மக்கள் வந்து பார்க்கலாம், பூசை மட்டும் கூடாது.

சட்டப்படியும் சிற்ப நூற்படியும் தீர்ப்பில் குறை சொல்ல இடமில்லை. அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்' 1907-இலிருந்து எழுதியதும், மயிலை சீனி. வேங்கடசாமியின் 'பௌத்தமும் தமிழும்' 1940-இல் அடுக்கிக் காட்டியதும் இதைத்தானே: தமிழ்நாட்டில் புத்தர் போய்விடவில்லை, வேறு பெயர்களில் உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் கோயில் தெருவில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்மணிக்கு இந்த வழக்கில் ஒரு கட்சி இருக்கிறது. விபத்தில் மகனைப் பறிகொடுத்தவர் அவர்.

"எம்மவனுக்கு இங்கதான் மொட்டை போட்டோம், காது குத்துனோம். அவன் போனப்ப இங்க வந்துதான் மண்ணை வாரித் தூத்துனேன். கோவத்துல என்னென்னமோ கேட்டேன். கண்ணை மூடிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாரு சாமி. முனியப்பன்னா எந்திரிச்சு வந்திருக்கணுமில்ல? புத்தராத்தான் இருப்பாரு போலிருக்கு!"

சிரித்துக்கொண்டே சொன்னார். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு, விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தார். அந்தம்மா எண்ணிப் பார்த்து மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சேலம், ஸ்வெட்டர் கடை

மலையில் குளிருமென்று அண்ணன் மகன் பயமுறுத்தியதால் ஸ்வெட்டர் வாங்க வேண்டியிருந்தது. தீபாவளியை ஒட்டித் தமிழ்நாட்டு நகரங்களில் வந்து இறங்கி, பொங்கலோடு மூட்டை கட்டும் திபெத்தியர் கடைகளைப் பார்க்காதவர் இருக்கமாட்டார்கள். சரக்கு லூதியானாவிலிருந்து வருகிறது, பெரும்பாலும் கடனுக்கு. வியாபாரிகள் வருவது கர்நாடகத்துக் குடியிருப்புகளிலிருந்து: பைலகுப்பே, முண்ட்கோடு, கொள்ளேகால் பக்கத்து ஒடேயர்பாளையா.

இந்தக் கடைக்காரப் பெண் ஒடேயர்பாளையாவில் வளர்ந்தவர். கன்னடம் கலந்த தமிழ். அளவு பார்த்து, நிறம் பார்த்து, பேரம் முடிந்த பிறகும் டீச்சர் நகரவில்லை. கல்லாப்பெட்டிமேல் சட்டமிட்ட ஒரு மூதாட்டியின் படம் இருந்தது. படத்தடியில் மணிமாலை.

"அம்மாவா?"

"ஆமா அம்மா. போன சீசன்ல, நான் இங்க இருக்கும்போதே."

1959-இல் இமயமலையை நடந்து கடந்தவர் அந்தத் தாய். மகளுக்குத் திபெத்து தெரியாது. அம்மாவின் பேச்சில் கேட்டதுதான். சரக்குக் கடன் இருந்ததால் அவர் ஊருக்குப் போனது சடங்குக்கு மட்டும். திபெத்திய வழக்கத்தில் இறந்தவருக்காக 49 நாட்கள் பிரார்த்தனை நடக்கும். அதில் முக்கால்வாசி நாட்கள் இந்தக் கடையிலேயே, காலையில் ஷட்டரைத் தூக்கும் முன்.

என்ன செய்வீர்கள் என்று டீச்சர் கேட்டார். அவர் செய்தே காட்டினார். மூச்சை உள்ளே இழுக்கும்போது அடுத்தவரின் கஷ்டத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியே விடும்போது நம்மிடமுள்ள நல்லதைக் கொடுக்க வேண்டும். டோங்லென் என்று பெயர்.

"முதல்ல அம்மாவை நெனச்சுச் செஞ்சேன். அழுகைதான் வந்துச்சு, வேற ஒண்ணும் வரல. லாமாகிட்டப் போன் பண்ணேன். உன்னைப் போலவே அம்மா செத்துப்போய்த் தூரத்துல உக்காந்திருக்கிறவங்க எத்தனை பேர் இருப்பாங்க, அவங்களுக்குச் செய்ன்னார்."

"கஷ்டத்தை உள்ள இழுத்தா அது நமக்குள்ள தங்கிடாதா?"

கடைக்காரப் பெண் ஸ்வெட்டரை மடித்துப் பையில் வைத்தார். "ஏற்கெனவே உள்ளதானே இருக்கு அம்மா."

இங்கேதான் நாகைக் கதை தேவைப்படுகிறது. தனக்கும் பிறர்க்கும் இடம் மாற்றிப் பார்க்கும் இந்தப் பயிற்சி 8-ஆம் நூற்றாண்டு சாந்திதேவரிடமே உண்டு. அதைத் திபெத்துக்குக் கொண்டுபோனவர்களில் தலையாயவர் வங்காளத்து அதிசர் (982–1054). அவர் இதைக் கற்றது இமயத்தில் இல்லை. கப்பலேறி சுவர்ணத்வீபம், அதாவது ஸ்ரீவிஜயம் போய், தர்மகீர்த்தி என்ற ஆசிரியரிடம் 12 ஆண்டுகள் பாடம் கேட்டார். தர்மகீர்த்தியின் உரைநூல் ஒன்று, தான் எழுதப்பட்டது சூளாமணிவர்மன் ஆட்சியில் என்று குறிக்கிறது. ஆனைமங்கலத்து நெல் எந்த அரசன் பெயரிலிருந்த விகாரத்துக்கு அளக்கப்பட்டதோ, அதே அரசன். அதிசர் இந்தியா திரும்பியதும் இராசேந்திர சோழனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியதும் ஏறத்தாழ ஒரே காலம், 1025 வாக்கில். அதிசர் திபெத்தில் இறந்தார். அவர் வழிவந்த செகாவா என்ற துறவி 12-ஆம் நூற்றாண்டில் டோங்லென் முறையை எல்லோரும் செய்யும்படி சுருக்கி எழுதி வைத்தார்.

இன்னொரு உறவும் உண்டு. லாசாவின் பொத்தலா அரண்மனைக்கு அந்தப் பெயர் வந்தது கருணையின் உருவான அவலோகிதர் வாழும் பொத்தலக மலையிலிருந்து. அந்த மலை தென்னாட்டில் இருப்பதாகப் பௌத்த மரபு சொல்கிறது. நம் பொதிகைதான் அது என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. அகத்தியர் தமிழ் கற்றதே அவலோகிதரிடம்தான் என்று வீரசோழியம் உரிமை கொண்டாடுகிறது.

கடைக்காரப் பெண்ணிடம் டீச்சர் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னார். "எங்க வருசம் இன்னும் முடியல அம்மா" என்றார் அவர். திபெத்தியப் புத்தாண்டான லோசர் வருவதற்கு இன்னும் பல வாரங்கள் இருந்தன.

கொண்டை ஊசி

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். குரங்குகளுக்குச் சிப்ஸ் போடாதீர்கள் என்று எழுதிய பலகைக்குக் கீழேயே சிப்ஸ் போடுகிறார்கள். வளைவு ஏற ஏறச் சேலம் நகரம் கீழே சுருங்குகிறது. டீச்சருக்குக் காது அடைத்தது. எச்சில் விழுங்கச் சொன்னான் அண்ணன் மகன். மேலே ஒண்டிக்கடை ரவுண்டானா வரை வாகன வரிசை. ஏரியைச் சுற்றிப் புத்தாண்டுக் கூட்டம், சூடான மிளகாய் பஜ்ஜி, படகுக்கு நீண்ட வரிசை. தங்கும் விடுதிகளின் வாசல்களில் கேம்ப் ஃபயர், டிஜே, அன்லிமிடெட் பஃபே என்று பதாகைகள். ஒன்றில் 'மன அமைதிக்கான தியான வகுப்பு' என்றும் இருந்தது. டிஜே எட்டு மணிக்கு, தியானம் மறுநாள் காலை ஆறு மணிக்கு. அந்த ஆறு மணி வகுப்புக்கு எத்தனை பேர் எழுந்து வருவார்கள் என்பது ஊகத்துக்குரியது.

மஞ்சக்குட்டை

ஏரியை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே கூட்டம் அறுந்துவிடுகிறது. மஞ்சக்குட்டை ஏற்காடு ஒன்றியத்து ஊராட்சிகளில் ஒன்று. சாலைக்கு இருபுறமும் காப்பித் தோட்டம். நிழலுக்கு சில்வர் ஓக் மரங்கள், மரத்தில் ஏறிய மிளகுக் கொடிகள். சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் காப்பிச் செடி கொண்டுவந்தார். டிசம்பர், ஜனவரி பழம் எடுக்கும் காலம். அரபிகா பழம் ஒரே நாளில் எல்லாம் சிவக்காது. சிவந்ததை மட்டும் விரலால் கிள்ளி எடுத்து, பச்சையை விட்டு, பிறகு மறுபடி அதே செடிக்கு வரவேண்டும். இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு பெண்கள் செடிக்குள் மறைகிறார்கள். பேச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது.

சிநேகிதன் வீட்டுக்கு அடுத்த வீட்டு அம்மாவும் பழம் எடுக்கப் போகிறவர். மலையாளி இனத்தவர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. சேர்வராயன் மலையின் பழங்குடிகள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள், மூத்தவர் வழி நாங்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. டீச்சர் வந்து இறங்கிய அரைமணி நேரத்தில் சுடுகருப்பட்டிக் காப்பி வந்தது. ராத்திரி முற்றத்தில் நடமாட வேண்டாம், காட்டெருமை வரும் என்ற எச்சரிக்கையும் வந்தது.

மாலை சீக்கிரமே மங்கிவிட்டது. நாகையில் கண்ணை மூடினால் அலைச்சத்தம் உண்டு. அதைக் கேட்காமல் தூங்கிப் பழகவில்லை டீச்சர். இங்கே சில்வண்டு. அண்ணன் மகன் சென்னை திருமுடிவாக்கத்து விபாசனா மையத்தில் பத்து நாள் இருந்து வந்தவன். எஸ்.என். கோயங்கா வகுத்த அந்தப் பாடத்தில் கடைசி நாள்தான் மைத்ரி சொல்லித் தருகிறார்கள். பேச்சை அடக்கி, மூச்சைக் கவனித்து, உடம்பைக் கவனித்து ஓய்ந்த பிறகு, எல்லா உயிரும் நலமாயிருக்கட்டும் என்று மனத்தை விரிக்கும் பயிற்சி. "சும்மா கண்ணை மூடி உக்காருங்க அத்தை. உங்களுக்குப் பிடிச்சவங்க ஒருத்தரை நெனச்சு, நல்லா இருக்கட்டும்னு சொல்லுங்க, போதும்."

டீச்சர் யாரை நினைப்பார்? தங்கையை நினைத்தார். நல்லா இரு என்று சொல்லத் தொடங்கி, அந்த வாக்கியம் எங்கும் போய்ச் சேராமல், உடைந்து அழுதார். பையன் பயந்துபோனான்.

அவன் படித்திராத ஒரு எச்சரிக்கை 5-ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் புத்தகோசர். காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்து, பின் இலங்கை அநுராதபுரத்தில் 'விசுத்திமக்கம்' எழுதியவர். மைத்ரியை இறந்தவர்மேல் செலுத்த முயலாதே, மனம் குவியாது என்கிறார். தன் ஆசானை நினைத்து மைத்ரி செய்த இளம் துறவி ஒருவர் எவ்வளவு முயன்றும் முடியாமல் மூத்த துறவியிடம் போய்க் கேட்க, ஆசான் உயிரோடு இருக்கிறாரா என்று பார் என்று அவர் சொன்ன கதையையும் தருகிறார். ஆசான் இறந்திருந்தார்.

அந்த நூலில் இதைவிடக் கூர்மையான பகுதி ஒன்று உண்டு. ஒவ்வொரு நற்குணத்துக்கும் தூரத்துப் பகை ஒன்று, பக்கத்துப் பகை ஒன்று. தூரத்துப் பகையை அடையாளம் காண்பது எளிது: மைத்ரிக்கு வெறுப்பு, கருணைக்குக் கொடுமை. பக்கத்தில் இருப்பதுதான் ஏமாற்றும், ஏனென்றால் அது பார்க்க ஒரேமாதிரி இருக்கும். மைத்ரிக்குப் பக்கத்துப் பகை பற்று, அதாவது ஏக்கம். கருணைக்குப் பக்கத்துப் பகை வீட்டு வாழ்வை ஒட்டிய துக்கம். துக்கத்தைக் கெட்டது என்று புத்தகோசர் தள்ளிவைக்கவில்லை. கருணை குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த வாசலில் அது இருக்கிறது, ஆள் மாறிக் கதவைத் தட்டிவிடாதே என்கிறார். இழவு வீட்டில் இதைவிட உபயோகமான குறிப்பு கிடைப்பது அரிது. தன்னம்பிக்கை நூல்கள் தருவதெல்லாம் அழாதே என்ற அறிவுரையும் நேரம் ஆற்றும் என்ற சமாதானமும்தான்.

கருணையை எங்கே தொடங்குவது என்பதற்கும் அவரிடம் விடை உண்டு: கண்ணெதிரே துன்பத்திலிருக்கும் ஓர் உயிரிடம். ஸ்வெட்டர் கடைப் பெண்ணின் லாமா போனில் சொன்னதும் கிட்டத்தட்ட இதுவே. புத்தகோசர் தேரவாதி, லாமா திபெத்திய வழி. மற்ற விஷயங்களில் இருவரும் இவ்வளவு எளிதாக ஒத்துப்போக மாட்டார்கள்.

இறந்தவருக்கு எதுவுமே செய்ய முடியாதா என்றால், முடியும். அதற்கு வேறு வழி. ஒருவருக்குச் சோறு போட்டு, அந்தப் புண்ணியத்தை இறந்தவர் பெயரில் விடலாம். இலங்கையில் இழவு வீடுகளில் துறவிகளுக்குத் தானம் கொடுத்து, குடும்பத்தார் சேர்ந்து ஒரு கெண்டியைப் பிடித்து, கிண்ணம் நிரம்பி வழியும்வரை நீர் வார்ப்பார்கள். நம் நீர்க்கடனைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது. அழுகை இறந்தவரிடம் போய்ச் சேராது, கொடுத்தது சேரும் என்பது பாலி நூல்களின் நம்பிக்கை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு டீச்சர் செய்தாரா என்றால் இல்லை. 31-ஆம் தேதி மத்தியானம் கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே சாமைச் சோறு வெந்துகொண்டிருந்தது, மொச்சை உரித்து வைத்திருந்தது. நெத்திலியைச் சுடுநீரில் அலசி, புளி கரைத்து, மொச்சையும் கத்தரிக்காயும் போட்டு, அப்போதுதான் இடித்த மிளகைத் தாராளமாகச் சேர்த்து ஒரு குழம்பு. நாகைப் பக்குவத்தில் மிளகு இவ்வளவு கிடையாது. மலைப் பக்குவத்தில் கருவாடு இவ்வளவு கிடையாது. பழம் எடுத்துவிட்டு வந்த நாலைந்து பெண்கள் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "எந்தங்கச்சிக்குப் பிடிச்ச கொழம்பு" என்றார் டீச்சர். தங்கச்சி எங்கே இருக்கிறார் என்று ஒருத்தி கேட்டாள். டீச்சர் சொன்னார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி இன்னொரு கரண்டி குழம்பு கேட்டாள்.

வீட்டுக்கார அம்மாவின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். வருடக் கடைசி ஆர்டர் வேலை, லீவு இல்லை, ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போன் பண்ணுகிறேன் என்றிருந்தான். ஒரே பையன். ஏக்கத்துக்குச் சாவுதான் காரணமாக வேண்டுமென்பதில்லை, திருப்பூர் பஸ் போதும். பதினோரு மணியிலிருந்து போனை மடியில் வைத்துக்கொண்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே சிக்னல் கிடைக்காது. டீச்சரும் புது ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். போர்வைக்குள் கையை மடித்து வைத்து, மூச்சை இழுத்து, விட்டு, கடைக்காரப் பெண் காட்டியது போலச் செய்து பார்த்தார். இந்த முறை தங்கைக்காக இல்லை, பக்கத்தில் போனை வெறித்துக்கொண்டிருந்தவருக்காக. அழுகை வராமலில்லை. ஆனால் அன்றிரவு வயதுக் கணக்கு ஓடவில்லை என்று மறுநாள் அண்ணன் மகனிடம் சொன்னார்.

அதே நேரத்தில் ஜப்பானியக் கோயில்களில் மணி அடித்து முடித்திருப்பார்கள். டிசம்பர் 31 நள்ளிரவை ஒட்டி அங்கே 108 முறை மணி அடிப்பது வழக்கம். மனத்தின் அழுக்குகள் 108 என்பது கணக்கு. மக்கள் வரிசையில் நின்று தங்கள் முறைக்கு ஒரு அடி அடித்துவிட்டுப் போகிறார்கள். மஞ்சக்குட்டையில் கேட்டது வேறு. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து விடுதியிலிருந்து ஒலிபெருக்கி மலையில் மோதி இரண்டு மடங்காகத் திரும்பியது. பன்னிரண்டுக்கு வெடி. போன் அடித்தது. "என்னப்பா? கேக்கல... என்ன?" என்று காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா கத்தினார். மகன் பேசியதில் பாதி கேட்கவில்லை. சாப்பிட்டியா என்று நாலு தடவை கேட்டார். கட்டாகிவிட்டது. மறுபடி கிடைக்கவில்லை.

புத்தாண்டுக்கு ஏற்காடு வருகிறவர்களிடம் மஞ்சக்குட்டை சார்பாக ஒரு வேண்டுகோள். இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டிலிருந்தே மத்திய அரசின் விதி. அதை மலையிலும் கடைப்பிடியுங்கள். ஜனவரி 1 காலையிலும் இங்கே பழம் எடுக்க ஆள் போகிறது.